நாய்தான் செய்தது

ஸ்ஃபாக்ஸ்
9 பிப்ரவரி 1989

அன்புள்ள நஸீஹா அக்காவுக்கு,

தம்பி தவ்ஃபீக் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கெலிபியாவில் கடற்காற்று தணிந்ததா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் நாற்பதாம் நாளன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "புள்ள நான் உசிரோட இருக்கறப்ப அப்பா எதுக்கு மக வீட்டுக்குப் போகணும்? என் தலைமேல வெச்சுப் பாத்துக்குவேன்." அந்தப் பேச்சில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அவரோடு அந்த நாயும் வந்து சேரும் என்று யார் கண்டது? மிஸ்மார் ஏறாத வண்டியில் தானும் ஏறமாட்டேன் என்று அவர் பிடித்த பிடிவாதம் உனக்கே தெரியும்.

தோட்டத்தில் காவலுக்குக் கிடந்த நாய், இப்போது என் நான்காம் மாடி வீட்டில் கிடக்கிறது. சோஃபாவுக்குப் பின்னால் போய் மலம் கழிக்கிறது. அப்பாவின் அறையில் சிறுநீர். ஃபவ்ஸியா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த கைரவான் கம்பளம், அக்கா! வாளி வாளியாக ஜாவெல் ப்ளீச்சை ஊற்றிக் கழுவுகிறோம். கதவைத் திறந்தவுடன் அந்த வாடைதான் என்னை வரவேற்கிறது. ஆபீசில் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் பார்த்ததை எழுதக் கை கூசுகிறது. அது தான் கழித்ததைத் தானே தின்றது. அவசர அவசரமாக, தரை பளபளக்கும்படி. பிறகு நேரே போய் அப்பாவின் கையை நக்கியது. அவர் அதே கையால் ரொட்டியைப் பிய்த்து நடுத்தட்டில் குழம்பைத் தொட்டார். ஃபவ்ஸியா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்றிலிருந்து எங்களோடு ஒரே தட்டில் உண்பதில்லை. "நீங்களும் உங்க அப்பாவும் அந்த நாயும் ஒண்ணா உக்காந்து தின்னுங்க, நான் அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே தின்னுக்கறேன்" என்கிறாள்.

அப்பா தொழுவதையும் விட்டுவிட்டார். கேட்டால், "நாய் படுத்த துணியோட எப்படிப்பா தொழறது?" என்கிறார். பார், ஒரு கிழவருடைய தொழுகையைக்கூட அது விட்டுவைக்கவில்லை.

நீ நாய் வளர்த்துப் பழகியவள். உன் நாய்கள் எதுவும் வீட்டுக்குள் அசிங்கம் செய்து நான் பார்த்ததில்லை. வழி சொல். ரமலானுக்குள் இது திருந்தவில்லை என்றால் எண்ணெய் ஆலைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுவேன். ஓடிப்போய்விட்டது என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

உன் அன்புத் தம்பி
தவ்ஃபீக்

---

கெலிபியா
15 பிப்ரவரி 1989

என் அருமைத் தம்பி தவ்ஃபீக்குக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைத் திரும்பப் பார்க்க ஒரு நாய் அசிங்கம் செய்ய வேண்டியிருந்தது. போகட்டும், நாய்க்கு நன்றி. முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பின்னாலும் வலிக்கிறது.

மிஸ்மார் கெட்ட நாய் இல்லை. எங்கள் பள்ளி விடுதிக்கு மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி வந்தாள், கைரியா என்று பெயர். முதல் வாரம் குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் வந்துவிடுவாள். தண்ணீர் தாழ்வாரம் வரை ஓடும். வார்டன் அவளைத் திமிர் பிடித்தவள் என்றாள். அந்தப் பெண்ணோ ஊற்றுநீர் தவிர வேறு பார்த்ததில்லை. ஊற்றை யார் மூடுவார்கள்? உன் நாயும் அப்படித்தான். பிறந்தது முதல் அதற்கு வீடு என்றால் திறந்த வெளி. ஆளில்லாத மூலைக்குப் போய்க் கழித்துவிட்டு வரும் மானமுள்ள நாய். உன் வீட்டில் ஆளில்லாத மூலை சோஃபாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது தேடிக் கண்டுபிடித்திருக்கிறது, பாவம்.

சாப்பாட்டை நாள் முழுக்கத் தட்டில் வைக்காதே. காலையும் மாலையும் ஒரே நேரத்தில் கொடு, கால்மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிடு. வாய்க்குள் போகும் நேரம் ஒழுங்கானால் வெளியே வரும் நேரமும் ஒழுங்காகும். தின்றவுடன் கீழே கூட்டிப்போ. தூங்கி எழுந்தவுடன் கூட்டிப்போ. ஒரே வழி, ஒரே மரம். அது காரியத்தை முடித்த அந்த நொடியிலேயே "சபாஷ்டா" என்று ஒரு துண்டு பாலாடைக்கட்டி கொடு. படியேறி வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால், படியேறியதற்குக் கொடுத்தாய் என்று நினைத்துக்கொள்ளும்.

ஜாவெல் வேண்டாம். உனக்குச் சுத்த வாடை. நாய்க்கு அது இன்னொரு நாய் சிறுநீர் விட்ட வாடை போலத் தோன்றுகிறது. வினிகர் காடியைத் தண்ணீரில் கலந்து துடை. உலர்ந்த ரொட்டியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்து. கொஞ்சம் மத்தி மீன், ஒரு முட்டை. வெங்காயம் விழுந்த குழம்பு கூடவே கூடாது. கால்நடை மருத்துவரிடம் பூச்சி மாத்திரை வாங்கு. கழித்ததைத் தின்பதற்குப் பசியும் பூச்சியும் காரணமாக இருக்கலாம். வேறு காரணமும் உண்டு. அதனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது: அசிங்கத்தைப் பார்த்தவுடன் நீ என்ன செய்கிறாய்?

அப்பாவை நான் கேட்டதாகச் சொல். அவர் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது. இந்தத் தெருவுக்கு இன்னும் தொலைபேசிக் கம்பி வரவில்லை.

உன் அக்கா
நஸீஹா

---

ஸ்ஃபாக்ஸ்
27 பிப்ரவரி 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஃபவ்ஸியாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "சபாஷ்டா" என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். "பீ பேண்டதுக்குப் பாலாடைக்கட்டியா? எனக்கு இந்த வீட்டுல யாரு சபாஷ் சொல்றாங்க?" என்றாள். நாயைக் காலையில் கீழே கூட்டிப்போகிறேன். மாலையில் களைத்து வருகிறேன், முடிவதில்லை.

என்ன செய்கிறாய் என்று கேட்டாய். ஊரில் எல்லோரும் செய்வதைத்தான். கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய், மூக்கை அதிலேயே வைத்துத் தேய்த்து, செருப்பால் இரண்டு போடுகிறேன். ஒரு மாதம் தேய்த்தும் புத்தி வரவில்லை. அப்போதுதான் கீழ்வீட்டு ஹம்மாதி ஒரு வழி சொன்னான். அவன் துறைமுகத்தில் காவல் நாய்களைப் பார்த்துக்கொள்பவன். "ஹரிஸ்ஸாவத் தடவி விடுங்க சார், ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் வாய் வெக்காது" என்றான்.

ஃபவ்ஸியா வீட்டில் இடித்த ஹரிஸ்ஸா விழுது, நாபெல் ஊர் மிளகாய்; அதன் காரம் உனக்குத் தெரியும். முதலில் அசிங்கத்தின் மேல் பூசினேன். இந்தப் பிராணி அதையும் தின்றுவிட்டது! நம்புவாயா? பிறகு ஹம்மாதி வந்து தாடையைப் பிரித்துப் பிடித்தான். நான் உதட்டிலும் ஈறிலும் தேய்த்தேன். அது போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. தலையைக் கம்பளத்தில் தேய்த்துக்கொண்டே வீடு முழுக்கப் பின்பக்கமாக நடந்தது. எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. சிவப்பு எச்சில் சுவரெல்லாம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் குமட்டல்.

அப்பாதான் கூத்தடித்துவிட்டார். "விடுங்கடா, அதை விடுங்கடா, அது பண்ணலடா" என்று கத்தினார். "அப்ப யாருப்பா பண்ணாங்க, நானா?" என்று ஹம்மாதி கேட்டான். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நாய்க்காக அழுகிறார், அக்கா. அம்மா செத்தபோது இப்படி அழவில்லை.

அன்றைக்கு அவர் மெத்தையில் இருந்த ஈரத்துக்காகத்தான் இந்தச் சிகிச்சை. படுக்கை வரைக்கும் வந்துவிட்டது அதன் திமிர்.

தவ்ஃபீக்

---

கெலிபியா
4 மார்ச் 1989

தவ்ஃபீக்குக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். மதியம் குஸ்குஸ் எடுத்து வைத்தேன், மேலே இருந்த சிவப்புக் குழம்பைப் பார்த்தவுடன் மூடி வைத்துவிட்டேன். அருவருப்பு என்று நீ பக்கம் பக்கமாக எழுதுகிறாயே, எனக்கு அது நாயின் மேல் வரவில்லை.

முதலில் செய்ய வேண்டியது: தண்ணீர் ஊற்றிக் கழுவாதே, காரம் பரவும். மோரில் துணியை நனைத்து ஈறைத் துடை. பிறகு ஆலிவ் எண்ணெய் தடவு. புண் இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோ. அந்த ஹம்மாதியை இனி வீட்டுக்குள் விடாதே.

இப்போது பொறுமையாகச் சொல்கிறேன், நீயும் பொறுமையாகக் கேள். எங்கள் பள்ளியில் ஒருத்தி, நல்ல பெண், ஒரு நாள் கணக்குத் தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். புதிதாக வந்த கணக்கு ஆசிரியர் தப்புக் கணக்குக்கு விரல் முட்டியில் அடிப்பவர். நான் அவளைத் தனியே கூப்பிட்டு, "காகிதம் ருசியா இருந்துச்சா?" என்று கேட்டேன். "சார் பாக்கறதுக்குள்ள போயிடணும்ல டீச்சர்" என்றாள்.

மிஸ்மார் ருசிக்காகத் தின்னவில்லை. நீ பார்ப்பதற்குள் போய்விட வேண்டும் என்று தின்கிறது. எப்போதோ செய்ததற்கு நீ இப்போது அடித்தால் எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. ஒன்றுதான் புரியும்: அசிங்கம் தரையில் கிடந்து, நீயும் வந்தால், வலிக்கும். உன்னைத் தடுக்க முடியாது. அதனால் அதை இல்லாமல் ஆக்குகிறது. ஹரிஸ்ஸாவோடு சேர்த்து விழுங்கியதே, அதிலிருந்து தெரிந்துகொள், உன் செருப்பு மிளகாயைவிட எவ்வளவு காரம் என்று.

அடிப்பதை நிறுத்து. கழித்ததைப் பார்த்தால் பேசாமல் நாயை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத் துடை. மாலையிலும் கீழே கூட்டிப்போ. களைப்பு எல்லோருக்கும் உண்டு.

இன்னொன்று. ஆண் நாய் காலைத் தூக்கிக் கதவோரம், நாற்காலிக் கால் என்று தெளிக்கும். மெத்தை நடுவில் குளம் கட்டாது. எந்தெந்த இடத்தில், எந்த நேரத்தில் ஈரம் என்று எழுது.

தொழுகை பற்றி நீ எழுதியதும் என் மனதை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் அப்பா தொழும்போது மிஸ்மார் விரிப்பின் ஓரத்தில்தான் படுத்திருக்கும். வெளிநாட்டில் ஓதிவிட்டு வந்த அந்தச் சின்ன இமாம் நாயை விரட்டச் சொன்னபோது, "எங்க மாலிகி வழியில நாய் சுத்தம்தான். நீங்க படிச்ச ஊருக்குப் போய் விரட்டிக்குங்க" என்று பள்ளிவாசல் முற்றத்திலேயே சண்டை போட்டவர் அவர். அவரா நாய் படுத்த துணி என்று தொழாமல் இருக்கிறார்?

நஸீஹா

---

ஸ்ஃபாக்ஸ்
14 மார்ச் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒரு நாய்க்காக உடன்பிறந்தவனிடம் இப்படி எழுதலாமா? ஃபவ்ஸியா படித்துவிட்டு, "உங்க அக்கா உங்களுக்கு மதிப்பெண் போட்டு அனுப்பியிருக்காங்க" என்றாள்.

ஆனாலும் நீ சொன்னபடி செய்தேன். ஹரிஸ்ஸாவை நிறுத்திவிட்டேன். காலை, மாலை, படுக்கப்போகும் முன் என்று மூன்று வேளையும் கீழே. மறைக்காமல் சொல்கிறேன், சோஃபாவுக்குப் பின்னால் இப்போது எதுவும் இல்லை. முனிசிபாலிட்டி மரத்தடியில் நின்று ஒரு நாயின் பின்பக்கத்தைப் பார்த்து "சபாஷ்டா" என்று சொல்லும் மனிதனாகிவிட்டேன். ஆபீஸ்காரன் எவனும் பார்க்காதவரை சரி.

ஈரம் மட்டும் நிற்கவில்லை. கேட்டாயே, எழுதுகிறேன். அப்பாவின் மெத்தை நடுவில், விடியற்காலையில். சில நாள் அவர் உட்காரும் சாய்வு நாற்காலியில். வேறெங்கும் இல்லை. அவர் மேல் அதற்கு என்ன வெறுப்போ! அவர் அறைக்குள் நுழைந்தால் கண் எரிகிறது. ஈரத்தைப் பார்த்து "மறுபடியும் பண்ணிடுச்சா?" என்று கேட்டால், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நாய்தான்ப்பா. நாய்தான் செஞ்சுது" என்கிறார். அந்த அளவுக்கு அவருக்கே வெறுத்துவிட்டது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து இரவில் பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டிவிடப் போகிறேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் மெத்தை எப்படி நனைகிறது என்று பார்த்துவிடலாம்.

தவ்ஃபீக்

---

கெலிபியா
19 மார்ச் 1989

என் அருமைத் தம்பிக்கு,

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். படித்தவுடன் செய்.

நாயைப் பால்கனியில் கட்டாதே. நீ எழுதிய விவரத்தை வைத்துப் பார்த்தால் இது திமிர் இல்லை, நோய். வயதான நாய்க்குச் சிறுநீர்ப்பை தளர்ந்துவிடும். தூக்கத்தில் தானாக வழியும். தனக்குப் பிடித்தவர் படுக்கையில் போய்ப் படுக்கும், அங்கே நனையும். அதற்கே தெரியாது. முதல் கடிதத்தில் நீ எழுதியபோதே நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

கட்டிப்போட்டால் நோய் கூடும். அதற்குப் பதிலாக இப்படிச் செய். மெத்தை மேல் ரப்பர் விரிப்பு ஒன்று போடு, அதன் மேல் பருத்தித் துணி. நாய்க்காக என்று அப்பாவிடம் சொல். இரவு நாயைக் கீழே கூட்டிப்போகும் முன், அப்பாவையும் கழிப்பறைக்குப் போய்வரச் சொல். கதவருகே அவர் நின்றால் நாய் பயமில்லாமல் கிளம்பும், அதற்காகத்தான் என்று சொல். விடியற்காலையிலும் அப்படியே. தாழ்வாரத்து விளக்கை இரவு முழுக்க எரியவிடு. நாய்க்கு இருட்டில் வழி தெரியாது. மாலைக்குப் பிறகு அவர் தேநீரைக் குறைக்கட்டும், மிச்சத்தை நாய்க்கு ஊற்றிவிடுகிறார் அல்லவா. மாற்றுக் கால்சட்டை நாலைந்தை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வை, நாய் நனைத்துவிட்டால் உடனே மாற்றிக்கொள்ள.

நனைந்த துணியைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாதே, தம்பி. முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். நாய் முகத்தைப் படிக்கும்.

இதையெல்லாம்விட நல்லது, ரமலானுக்கு இரண்டு பேரையும் இங்கே அனுப்பிவை. இங்கு ஒரு நல்ல கால்நடை மருத்துவர் இருக்கிறார், நாயை அவரிடம் காட்ட வேண்டும், நாய் அப்பா இல்லாமல் சாப்பிடாது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள். உன் பெயருக்கு ஒரு குறையும் வராது. கொஞ்ச நாள்தான்.

உன் அன்பு அக்கா
நஸீஹா

---

ஸ்ஃபாக்ஸ்
29 மார்ச் 1989

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நாயைக் கட்டிவிட்டேன். வந்த பிறகும் அவிழ்க்கவில்லை. நான் குழந்தை இல்லை. ரப்பர் விரிப்பு, மாற்றுக் கால்சட்டை! நாய்க்கு எதற்குக் கால்சட்டை? உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னை முட்டாளாக்கியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனிக் கதவு தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. நாய் வெளியே சங்கிலியில். மெத்தை நனைந்து கிடந்தது. அலமாரிக்குப் பின்னால் ஏதோ நாறுகிறது என்று ஃபவ்ஸியா இழுத்துப் பார்த்தாள். கால்சட்டைகள், அக்கா. சுருட்டிச் சுருட்டிச் செருகி வைத்திருக்கிறார். சில காய்ந்து விறைத்துப் போயிருந்தன. சிலவற்றில் சிறுநீர் மட்டுமில்லை. நடுவில் அம்மாவின் தலைத்துண்டு ஒன்று, அதாலும் துடைத்திருக்கிறார். இத்தனை நாள் நாங்கள் அதே வீட்டில் உண்டு உறங்கியிருக்கிறோம். ஃபவ்ஸியா சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

நான் அவரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "இது யாருப்பா செஞ்சது?" அவர், "நாய்தான்ப்பா" என்றார். பால்கனியைக் காட்டி, "நாய் அங்க கட்டிக் கெடக்கு, கண்ணு தெரியலையா?" என்றேன். அதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும், "நாய்தான் செஞ்சுது" என்றார். மூன்று மாதமாக என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தத் துணியை எடுத்து அவர் முகத்துக்குக் கிட்டே பிடித்தேன். பட்டிருக்கலாம். மோந்து பாருங்க, நாயோடதா உங்களோடதா என்றேன். காட்டினேன், அவ்வளவுதான். அடிக்கவில்லை. அப்பனை அடிப்பவன் இல்லை நான்.

அவர் தலையைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நாய் பால்கனியில் போட்ட கூச்சலுக்கு அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்க, அவிழ்த்துவிட்டேன். அது நேரே ஓடிவந்து அந்தத் துணிக்குவியலின் மேல் படுத்துக்கொண்டது. பிடுங்கப் போனால் எடுக்க விடவில்லை. நக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஜாதி.

நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? சொல்லிப் பார்.

தவ்ஃபீக்

---

கெலிபியா
2 ஏப்ரல் 1989

தவ்ஃபீக்,

வியாழக்கிழமை வாடகை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நீயும் ஃபவ்ஸியாவும் வீட்டில் இருக்க வேண்டாம். சாவியை நாலாம் மாடியில் எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

அவர் துணிகளை மடிக்க வேண்டாம், துவைக்கவும் வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் இருந்தவற்றைத் தூக்கிப் போட்டிருந்தால் சரி, இல்லாவிட்டால் நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவின் தலைத்துண்டு வேண்டும்.

சொந்தக்காரர்கள் கேட்டால், நஸீஹா பிடிவாதக்காரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று சொல். நான் மறுக்கமாட்டேன். என் பேரில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்.

வியாழன் வரைக்கும் அவர் அறைக்குள் போகாதே. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடு. நாய் உள்ளேயே இருக்கட்டும்.

உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டாய். பதில் எழுத உட்கார்ந்தேன். உன் எழுத்து இருக்கும் காகிதத்தைக் கையில் பிடிக்கவே முடியவில்லை.

நஸீஹா

---

ஸ்ஃபாக்ஸ்
1 ஜூலை 1989

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி தவ்ஃபீக்கின் ஸலாம். ரமலானுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வாழ்த்து எழுதினேன், பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீடு சுத்தமாக இருக்கிறது. கம்பளத்தை வெளுக்கப் போட்டு வாங்கிவிட்டோம். அப்பாவின் அறைக்குப் புது வண்ணம் பூசியாயிற்று. ஃபவ்ஸியா இப்போது ஒரே தட்டில் சாப்பிடுகிறாள். ஆனால் பேச்சு இல்லை. நேற்று அவளாகவே, "அன்னைக்கு நான் அந்த அலமாரிய இழுக்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

போன வாரம் சின்ன மாமா பேத்தி கல்யாணத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் மாமா கேட்டார்: "என்னப்பா தவ்ஃபீக், தலைமேல வெச்சுப் பாத்துக்கறேன்னியே, தலை பாரம் தாங்கலையா?" எல்லோரும் சிரித்தார்கள். நீ சொல்லச் சொன்னபடி உன் மேல் பழியைப் போட்டேன். யாரும் நம்பவில்லை. உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்.

அக்கா, அன்று கொஞ்சம் கைமீறிப் போய்விட்டது. கொஞ்சம் இல்லை. எழுத வரவில்லை எனக்கு. சவரம் செய்துகொள்ளும்போது கையை மூக்கருகே கொண்டுபோனால் அந்த வாடை வருகிறது. சோப்பு மாற்றினேன், கொலோன் தடவினேன். டாக்டரிடம்கூடக் காட்டினேன். கையில் ஒன்றும் இல்லை என்கிறார்.

ஹஜ்ஜுப் பெருநாள் பன்னிரண்டு நாளில் வருகிறது. நல்ல ஆடாக வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கேயே வந்துவிடுகிறேன். அப்பா கையால் அறுக்கட்டும், இல்லையென்றால் அவர் கத்தியைத் தொட்டுக் கொடுக்க நான் அறுக்கிறேன். ஒரு நாள் மட்டும். நாய் என்னைப் பார்த்தால் என்ன செய்யும்? கடிக்குமா? நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். அதற்கும் ஈரலும் எலும்பும் கொண்டுவருகிறேன்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா?

உன் தம்பி
தவ்ஃபீக்

---

கெலிபியா
6 ஜூலை 1989

தம்பி தவ்ஃபீக்குக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். முதலில் நாய்.

மிஸ்மார் தேறிவிட்டது. வந்த புதிதில் நான் விளக்குமாற்றை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும். விளக்குமாற்றைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் ரொட்டித் துண்டு வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். பிறகு விளக்குமாற்றின் மேலேயே வைத்தேன். இப்போது நான் கூட்டும்போது குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுக்கிறது. கழித்ததைத் தின்பது நின்றுவிட்டது. அதற்கென்று நான் எதுவும் செய்யவில்லை. யாரும் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ என்றாவது வந்தால், வாசலுக்கு வெளியே நில். கையைத் தலைக்கு மேல் தூக்காதே, ஸலாம் சொல்வதற்குக்கூட. அதன் கண்ணை நேராகப் பார்க்காதே. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார். அதைக் கூப்பிடாதே, தீனியை நீட்டாதே. அதுவாக வந்து முகரட்டும். முதல் நாள் வராது. வராவிட்டால் எழுந்து போய்விட்டு மறுநாள் வா. ஈரல், எலும்பு எதுவும் வேண்டாம். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். பெருநாள் ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்தால் அதை ஆழமாகக் குழி தோண்டிப் புதை, தெரு நாய்க்குக்கூடப் போடாதே. அதில் இருக்கும் பூச்சி நாய் வழியாக மனிதன் வயிற்றுக்கு வந்து சேரும். ஸ்ஃபாக்ஸில் எல்லோரிடமும் சொல்.

நாயைப் பொறுத்தவரை எனக்குக் கவலை இல்லை. உன் செருப்பின் ஓசைக்கும் அது பழகிக்கொள்ளும்.

கை நாறுகிறது என்று எழுதியிருக்கிறாய். நீ அதை எனக்கு எழுதியது நல்லது. ஆனால் ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. அப்பாவின் துணிகளை நான் தினமும் துவைக்கிறேன். நாற்றமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முதல் வாரம் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் துவைத்தேன். சோடா உப்பும் வெயிலும் பட்டால் போய்விடுகிறது. உன் மார்ச் மாதக் கடிதத்தை நினைக்கும்போது வருவது போகவில்லை. நீ என் கையைப் பிடித்து நடந்த பிள்ளை, உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த எழுத்தில் அதைப் படித்தேன்.

இங்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், ஓரளவு நிற்கிறது. கழிப்பறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். துணி நனைந்தால் முதலில் என்னிடம் சொல்லமாட்டார், மிஸ்மாரைக் கூட்டிக்கொண்டு துவைக்கும் கல்லருகே போய் நிற்பார். நான், "நாய் பண்ணிடுச்சாப்பா?" என்பேன். "ஆமாம்மா" என்பார். மாற்றிக் கொடுத்துவிடுவேன். போன வெள்ளிக்கிழமை முதல்முறையாக, "இல்லம்மா, இன்னைக்கு நான்தான்" என்றார். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

உன்னைப் பற்றிக் கேட்கிறாரா என்று கேட்டாய். கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிப் பார்த்தேன். நேற்று மாலை அத்திமரத்தடியில் உட்கார்ந்து மிஸ்மாரின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார். "அப்பா, தவ்ஃபீக் பெருநாளைக்கு வரேன்னு எழுதியிருக்கான்" என்றேன்.

அவர் கையை மெல்லப் பின்னால் கொண்டுபோய், தான் உட்கார்ந்திருந்த திண்டைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. கையை எடுத்தவர், மறுபடியும் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார்.

இந்தப் பெருநாளைக்கு நீ வர வேண்டாம்.

நஸீஹா